போர்ப் பதக்கமும் அதனைத் திரட்டுவோரும்

உலகில் மாந்தர் திரட்டி வைக்கும் பொருள்கள் அளவிறந்தன. அஞ்சல் தலை திரட்டுவார் ஒருசாரார். பழங்காசு திரட்டுவார் ஒருசாரார். ஏட்டுச்சுவடி தேடி ஊரூராய் அலைந்தாரும் நம் நாட்டில் இருந்தனர். இவருள், போர்வீரர் மார்பில் அணிந்த பழம் பதக்கங்களை விலை கொடுத்து வாங்கிப் பேழையில் அடுக்கி வைப்பாரை நம்மவர் அவ்வளவாக அறியார். அறிந்தாரும் அவரை இகழ்ந்தே பேசுவர். பிறன் சிந்திய குருதிக்கு இவன் விலை பேசுகின்றான் என்பது ஒரு வசை; அயலார் ஆட்சியின் அடிமைச் சின்னத்தை இவன் போற்றுகின்றான் என்பது மற்றொரு வசை. இரண்டிலும் உண்மை சிறிது உண்டு. ஆயினும், இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று, எதனால் வளர்ந்தது என்று நோக்குவார்க்கு, இவ்விகழ்ச்சி முழுதும் பொருந்தாது என்பது புலனாம். அதனைக் காட்டுதற்கே இச்சிறு கட்டுரை எழுந்தது.

இதற்காகச் சீமைக்குச் செல்ல வேண்டுவதில்லை, காஞ்சிமாநகரிலிருந்தே தொடங்கலாம். நகருக்கு அணித்தாய்ப் புள்ளலூர் என்னும் சிற்றூர் உளது. பல்லவன் மகேந்திரவர்மன் இவ்வூர்க்களத்தே தன் பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். அதன்பின் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்கு மேல் கழிந்து, 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அதே நிலத்தில் ஐதர் அலியின் படையும் அவன் மகன் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் கீழிருந்த கும்பினிப் படையைச் சூழ்ந்து அழித்தன. அவ்வேளையில் மன்றோ என்னும் தளபதி பெரும்படையோடு காஞ்சியிலேயே இருந்தான். இடையிலிருந்த தொலைவோ சில கல் மட்டுமே. உதவி போய்ச் சேரவில்லை. மறுநாள் அவன் தன் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினான். திப்பு இவ்வெற்றியைச் சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தான். அது இன்றும் காணத்தக்கது.

ஓராண்டு சென்றது. 1781ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அயர் கூட் என்னும் தளபதி அதே களத்தில் ஐதரோடு மீண்டும் பொருதான். இம்முறை அவனுடன் வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் நடத்தி வந்த சிப்பாய்ப் படையும் இருந்தது. கடற்கரையைப் பற்றி நூற்றுக்கணக்கான கல் நடந்து வந்த படை அது. இப்போர்களில் ஈடுபட்ட வங்காளச் சிப்பாய்களுக்கும், அக்காலத்தே கூர்ச்சரத்தில் பொருத அவர்தம் தோழர்க்கும் கும்பினியார் 1784-85ஆம் ஆண்டுகளில் ஒரு பதக்கம் அளித்தனர். அதற்குத் தக்காணப் பதக்கம் என்று பெயர். கும்பினியார் இந்தியப் போர்வீரர்க்கு ஒரு போர் முழுமைக்குமாக வழங்கிய பதக்கங்களுள் இதுவே முதலாவது. எனவே, பதக்கம் திரட்டுவோர் இன்று பெரும்பொருள் கொடுத்துத் தேடும் ஒரு பொருளின் தோற்றுவாய், காஞ்சியினின்று வண்டியேறி அரை நாளிற் சென்று மீளத்தக்க ஒரு வயற்புறத்தில் உளது என்பது வியப்பன்றோ!

அப்பதக்கத்தின் அமைப்பைச் சிறிது கூறுவேன். ஒருபால், பிரித்தானியா என்னும் பெண்ணுரு போர்க்கருவிகளின் குவியல்மேல் அமர்ந்து கோட்டை ஒன்றை நோக்கிக் கை நீட்டும். மறுபால் பாரசீக எழுத்து. சிலர்க்குப் பொன்னாலும் பெரும்பாலார்க்கு வெள்ளியாலும் அது செய்யப்பட்டது. மஞ்சட் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். இனி, அப்பாரசீக எழுத்து கூறும் பொருள் யாதெனின், இந்துஸ்தானம் தொடங்கித் தக்காணம் வரை ஆங்கிலேயர் பெயரை உயர்த்திய வீரரின் ஆண்மைக்குச் சான்றாகக் கல்கத்தா அரசினர் அளித்தது என்பதாம். ஆங்கிலேயர் பெயர் உண்டு, அளித்தவர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. அணிந்தவன் பெயர் மட்டும் இல்லை! தம் சொந்த ஊர்களே எரியக் கண்ட சென்னைப் படைச் சிப்பாய்களுக்கோ, அப்பதக்கமே வகுக்கப்படவில்லை.

காஞ்சியில் இதற்கு நேரானதொரு வழக்கு உண்டு. வரதராசப் பெருமாளுக்குக் கருடசேவையன்று சாத்தும் அணிகளுள் ஒன்றனைக் கிளைவ் மகரகண்டி என்பர். இராபர்ட் கிளைவ் அளித்தது என்பது கோயில் வழக்கு. தெய்வத்துக்கு அளித்த அணியில் கொடுத்தவன் பெயர் வழங்குவது முறையே. பெற்றவர் பெயரை யாரும் மறவார். மனிதனுக்கு அளித்த அணியில் கொடுத்தவன் பெயரே நின்று, பெற்றவன் பெயர் மறைவதுதான் முறை திறம்பியது.

நிற்க. 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. அதற்கென வார்த்த பதக்கத்தைப் பர்மிங்காம் நகரத்தில் மாத்யூ போல்டன் என்பாரின் சோஹோ தொழிற்சாலை செய்தது. அச்சு வெட்டியவர் குக்லர். சிங்கம் ஒன்று புலியைக் கீழே வீழ்த்தி மிதிக்கும் உருவம் அதிற் பொறிக்கப்பட்டது. புலி திப்புவின் சின்னம் என்பதை யாவரும் அறிவர். தளபதிகட்குப் பொன், மேல் அதிகாரிகட்குப் பொன் முலாம் பூசிய வெள்ளி, இளைய அதிகாரிகட்கு வெள்ளி, அவர்க்குக் கீழ்ப்பட்டோர்க்கு வெண்கலம், கடைநிலை வீரர்க்கு வெள்ளீயம் என்று ஐந்து படியாக வகுத்தனர். உயிர் ஒன்றேயாயினும் உலோகம் ஐந்து! இதிலும் பெயர் இல்லை. மாட்டிக் கொள்ள வளையமும் இல்லை. பெற்றவர் தத்தம் ஊர்த் தட்டாரிடம் கொடுத்து வளையம் வைத்துக் கொண்டனர். ஆதலால் ஒவ்வொரு பதக்கத்திலும் வளையம் ஒவ்வொரு விதமாய் இருக்கும். பெயரறியாத தட்டான் ஒருவனுடைய கைவேலை, பெயரறியாத வீரனொருவனின் பதக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இருநூறு ஆண்டு கடந்து வந்திருக்கின்றது. பதக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பர்மிங்காமில் வெட்டிய சிங்கம் அன்று, இவ்வளையமே.

பெயர் எப்போது வந்தது? ஆங்கில நாட்டிலேயே அது பிற்காலத்து வழக்கம். 1650ஆம் ஆண்டு டன்பார்ப் போருக்குப் பின்னர் கிராம்வெல் காலத்துப் பாராளுமன்றம் அதிகாரிகட்கும் வீரர்க்கும் ஒருங்கே பதக்கம் அளித்தது. அதன்பின் நெடுங்காலம் அவ்வழக்கம் அற்றுப் போயிற்று. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போர் முடிந்த பின்னரே, அரசினர் எல்லா நிலை வீரர்க்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் வழங்கி, அதன் விளிம்பில் அவனவன் பெயரையும் படைப்பிரிவையும் பொறித்தனர். விளிம்பு என்பது ஒரு நூலிழை அகலமே. ஆயினும், பதக்கம் திரட்டும் வழக்கத்தின் வித்து அந்த விளிம்பில்தான் ஊன்றப்பட்டது என்று யான் துணிந்து கூறுவேன்.

ஏன் எனின், பெயரில்லாப் பதக்கம் ஒரு காசை ஒக்கும். ஆயிரம் காசு ஒரே அச்சு. அதில் அறியவேண்டுவது அச்சின் வேறுபாடும் கிடைப்பதன் அருமையுமே. பெயருள்ள பதக்கமோ ஒன்றுபோல் மற்றொன்று இராது. அதனைக் கையில் எடுத்தவன், இவன் யார், எங்குப் பிறந்தான், எக்களத்தில் நின்றான், மீண்டானோ மாண்டானோ என்று வினவத் தொடங்குகின்றான். அவ்வினாவே காசு திரட்டுவோனைப் பதக்கம் திரட்டுவோனாக மாற்றியது.

தொடக்கத்தில் இவ்வழக்கம் பெருமைக்குரியதாய் இருந்ததில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. போர் முடிந்து வீடு திரும்பிய வீரன் வறுமையுற்றான். பதக்கம் அடகுக்கடைக்குச் சென்றது. மீட்கப்படாமல் விற்பனைக்கு வந்தது. பழங்காசு வாங்கும் செல்வர் அதனையும் காசுப் பெட்டியில் சேர்த்தனர். பிறகு நூல்கள் எழுந்தன. தாமசு கார்ட்டர் என்பார் பிரித்தானியப் படையின் பதக்கங்களும் அவை வென்ற வரலாறும் பற்றி 1860-61இல் எழுதினார். ஹேஸ்டிங்ஸ் இர்வின் 1890இலும், மேயோ 1897இலும் எழுதினர். இம்மேயோ இலண்டன் இந்தியா அலுவலகத்தின் படைத்துறையில் பணி புரிந்தவர். ஆதலின் கும்பினியாரின் ஆணைத்தாள்களைப் பார்த்து எழுதும் வாய்ப்பு அவர்க்கு இருந்தது. அக்காலத்து நூலாசிரியருள் யான் மதிப்பது இவரையே. பதக்கம் அழகியது என்பதோடு அமையாமல், எந்த ஆணையால், எவர்க்கு, எதற்காக என்று தேடியவர் இவர். செப்பீல்டு நகரத்து மருத்துவர் பெய்ன் என்பார் தாம் திரட்டியவற்றின் விவரத்தை 1911இல் பெரியதொரு நூலாகவே வெளியிட்டார். 1942இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, விருது, பதக்க ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றும் இங்கிலாந்தில் தோன்றிற்று. குண்டு விழும் காலத்தில் பழம்பதக்கம் ஆராய்தற்கு ஒரு சங்கம் என்பதைக் கேட்டு நகைப்பார் நகைக்க. 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் வீழ்ந்த குண்டுகளால் முதல் உலகப்போர் வீரரின் பணி ஏடுகளுள் பாதிக்கு மேல் எரிந்து போயின. ஏடு எரிந்தவனுக்கு அவனது பதக்க விளிம்பு எஞ்சிய சான்றுகளுள் ஒன்றாயிற்று.

நம் நாட்டில் இவ்வழி முதற்கண் காசின் வழியாகவே திறந்தது. சென்னைப் படையைச் சார்ந்த கேப்டன் டப்னெல் என்பவர் தென்னிந்தியாவில் காசு திரட்டுவோர்க்கு வேண்டும் குறிப்புகளை ஒரு நூலாக 1889இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் மதுரை நாட்டில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார் டிரேசி பாண்டியர் காசு பற்றியும், வேலூரிலிருந்த டேனியப் பாதிரியார் லோவந்தால் திருநெல்வேலிக் காசு பற்றியும் எழுதினர். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையின் தலைவர் எட்கார் தர்ஸ்டன் கும்பினிக் காசுகளின் வரலாற்றை 1890இல் வெளியிட்டார். படைவீரர், பாதிரிமார், அரசாங்க ஊழியர் என்னும் இம்மூவரும் செய்தது யாது? உலைக்குப் போக இருந்ததைத் தடுத்துப் படித்தனர். காசுக்குச் செய்த அத்தொண்டைப் பதக்கத்திற்குச் செய்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

உலை என்று கூறினேன். காஞ்சியார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. கிழிந்த பட்டுப்புடவையின் சரிகையை எடைபோட்டு வாங்கி, எரித்து, உருக்கி, வெள்ளியும் பொன்னுமாகப் பிரித்தெடுக்கும் தொழிலை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். பாட்டி மணநாளில் உடுத்த புடவையின் முந்தானையில் அன்னமும் யாளியும் நெய்தவன் எவன் என்று எரிப்பவன் கேட்பதில்லை. அவன் கேட்பது எடை. பதக்கத்திற்கு நேர்ந்ததும் இதுவே. முதல் உலகப்போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் வெள்ளியில் செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் ஓர் அவுன்சு அளவு எடையுள்ளது. 1980ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை எட்டியபோது, பதக்கமாக விற்கும் விலையைவிட வெள்ளியாக விற்கும் விலை மிகுந்தது. எண்ணிறந்த பதக்கங்கள் பெயரோடும் எண்ணோடும் மூசையிற் சென்று மறைந்தன. அந்நாளில் அவற்றைத் தடுத்து வாங்கியவர் எவரோ, அவரைக் குருதி வணிகர் என்று கூற என் நா எழவில்லை.

ஆயினும், திரட்டுவோர் குற்றமற்றவர் என்பதும் என் கருத்தன்று. ஒரு வீரன் பெற்ற நான்கு பதக்கங்களைப் பிரித்து நால்வர்க்கு விற்போர் உளர். விளிம்பிலுள்ள எளியவன் பெயரை அராவித் தேய்த்து, விலை மிகுதற்பொருட்டு வேறொருவன் பெயரைப் பொறிப்போரும் உளர். இது கல்வெட்டைச் சுரண்டிப் புதுச் சாசனம் வெட்டுவதை ஒக்கும் கொடுமை. அதிகாரியின் பதக்கத்தைப் பட்டு மெத்தையிலும் சிப்பாயின் பதக்கத்தைக் கூடையிலும் வைத்தது அவ்வணிகத்தின் நெடுநாள் வழக்கம்.

இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. 1885-87ஆம் ஆண்டுகளின் பர்மாப் போர் முதலாக, படையோடு சென்ற சுமையாளர், சமையலாளர், நீர் சுமப்போர் முதலிய ஏவலாளர்க்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் வழங்கினர். முதல் உலகப்போரிலும் சீனர், மால்ட்டாத் தீவினர், இந்தியர் ஆகிய தொழிற்படையினர்க்கென ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் வெண்கலத்திலேயே செய்யப்பட்டன. மெசபட்டேமியாவின் வெயிலில் வெள்ளிக்காரனுக்கும் வெண்கலக்காரனுக்கும் ஒரே தாகம்தான் இருந்திருக்கும். காலம் செய்த விந்தை யாதெனின், அந்த வெண்கலப் பதக்கம் எண்ணிக்கையிற் குறைந்தமையால், இன்று அதனைத் தேடி வாங்குவோர் பலர். உருக்குவோர்க்கு வெண்கலம் வேண்டாமையால் 1980இன் உலைக்கும் அது தப்பியது. இழிவாகக் கொடுத்ததே எஞ்சி நிற்கின்றது.

இனி, அடிமைச் சின்னம் என்னும் வசையை எடுத்துக் கொள்வோம். தமிழ் கற்கும் மாணவர் சிலர், நடுகல் வழிபட்ட நமக்கு இந்த வெள்ளித் துண்டு எதற்கு என்பர். நடுகல்லை அறிந்தமையாலேயே இதனை அறிய வேண்டும் என்பேன் யான். கல்லைத் தேர்வதும், நீராட்டுவதும், நடுவதும் ஆகிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம் பக்கத்தில் கிடைத்த நடுகற்களைப் படித்துப் பாருங்கள்: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தப் பூசல், எவன் பட்டான் என்று ஒரு சிலவரிகளிற் காணலாம். தொறு மீட்டுப் பட்டவன் பெரும்பாலும் குறுநில மன்னன் அல்லன், ஊர்க்காவலன், சேவகன். அவன் யாருக்காகப் பொருதான், அப்போர் அறத்ததோ அன்றோ என்று கேட்டுவிட்டா நாம் அக்கல்லைப் படிக்கின்றோம்? பெயர் கிடைத்ததே என்று மகிழ்கின்றோம். நாயொன்று கள்வரோடு போராடிக் காத்து நின்றமைக்கும் நடுகல் கண்டு, அதன் பெயரையும் பொறித்த நாடு இது. புள்ளலூரிலோ, 1781இல் வீழ்ந்த ஆங்கில அதிகாரிகள் இருவர்க்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அதே நாளில் வீழ்ந்த சிப்பாய் எவனுக்கும் அங்கு ஓரெழுத்தும் இல்லை.

சிப்பாயின் பெயரைத் தாங்கிய எழுத்துகள் நமக்கு எத்தனை கிடைத்துள்ளன? நிலமுடையவன் பெயர் பட்டாவில் இருக்கும். கொடையளித்தவன் பெயர் கோயிற் சுவரில் இருக்கும். கற்றவன் பெயர் நூலில் இருக்கும். இம்மூன்றும் இல்லாதவனே பெரும்பாலும் படைக்குச் சென்றான். அவன் பெயரை உலோகத்தில் முதன்முதல் பொறித்தது அவனை ஆண்ட அயலரசு என்பது நமக்கு நாணம் தரும் செய்திதான். அந்நாணத்தை நீக்கும் வழி, அப்பெயரைப் படிக்காமல் விடுவதன்று.

படிப்பதும் எளிதன்று. ஆங்கில எழுத்தில் அதிகாரியின் செவிக்குப் பட்டவாறு எழுதிய பெயர் அது. முனுசாமியா முனியசாமியா என்று துணிதல் அரிது. தந்தை பெயர் இராது, ஊர் இராது. ஒரே படைப்பிரிவில் அப்பெயரினர் பலர் இருந்திருப்பர். அங்கே நமக்குக் கைகொடுப்பது பெயர்க்கு முன்னுள்ள எண். எண்ணும் படைப்பிரிவும் தெரிந்தால், பதக்கப் பதிவேடு எஞ்சியிருக்குமிடத்து ஆளைத் தேடலாம். ஆகவே, எண்ணை விடுத்துப் பெயரை மட்டும் குறித்து வைப்பது பாதி வேலை.

வீரச்செயலுக்கு அளிக்கும் விருதினரைப் பற்றி நான் கவலுறவில்லை; அவர்தம் பெயரை அரசிதழ் காக்கும். காஞ்சிக்கு அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், சென்னைச் சாப்பர் படையினர், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்துக் கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை என்னும் பெருவிருது அவர்க்கு அளிக்கப்பட்டது. அவர் பெயர் மறையாது. அவரோடு அதே மண்ணில் கண்ணிவெடி தோண்டி, உயிரோடு மீண்டு, ஊருக்கு வந்து ஏரைப் பிடித்தவனோ தறியில் அமர்ந்தவனோ எவனோ, அவனுடைய பதக்கமே என் கவலை. அது இப்போது பேரன் வீட்டுப் பெட்டியில், பழைய சாவிகளோடும் செல்லாக் காசுகளோடும் கிடக்கக்கூடும்; அல்லது சென்ற தீபாவளிக்குமுன் அடகுக்கடைக்குப் போயிருக்கக்கூடும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், நாம் செய்யத்தக்கது சிறிது உண்டு. வாங்குதற்குப் பொருள் நம்மிடம் இல்லை, வாங்கவும் வேண்டா. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலாகாது என்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது. உள்நாட்டில் உருக்குவதைத் தடுப்பார் யாருமில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, படைக்குச் சென்ற பெரியவர் இருந்த வீடுகளைக் கேட்டறிந்து, பதக்கம் இருப்பின் விளிம்பை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்னும் நான்கையும் உள்ளவாறே எழுதிக் கொள்ளலாம். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் எழுதுக. நாடா இருந்தால் அதன் நிறங்களை வரிசையாகக் குறிக்க. நாடாவின்மேல் சிறு வெள்ளிப்பட்டைகள் பூட்டியிருப்பின், அவற்றிலுள்ள ஊர்ப்பெயரையும் ஆண்டையும் விடாது எழுதுக. அவன் நின்ற களம் அதுவே. வீட்டாரிடம், அப்பெரியவரைத் தெருவில் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்றும் கேளுங்கள். பதிவேட்டில் கிடைக்காதது அது ஒன்றே. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கித் தருகிறோம் என்று வீட்டார் அன்போடு முன்வருவர். வேண்டா என்று வணங்கித் தடுத்துவிடுங்கள். இரண்டு தலைமுறை துலக்கினால் விளிம்பில் எழுத்து நில்லாது.